யார் சொல்லி நம்பினீர்கள்?

சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி பழையசீவரம் வந்து பதினைந்து நாள் தங்கினாள். வழக்கமாக வந்தால் இரண்டே நாளில் கிளம்பிவிடுவாள். இந்தத் தடவை கையில் ஒரு நோட்டும் ஒரு கட்டு படிவங்களும் இருந்தன. சென்னையில் ஊடகவியலில் முதுகலை படிக்கிறாள். இரண்டாம் வருடம் ஓர் ஆய்வேடு எழுதித் தரவேண்டுமாம். அதற்கு அவள் தேர்ந்தெடுத்த இடம் நம் ஊர்.

"ஊடகவியல்னா பேப்பர்ல எழுதறது, டி.வி.யில பேசறது. அதுக்கு இங்க வந்து என்னம்மா ஆராய்ச்சி?" என்று கேட்டேன்.

"பேசறவங்களைப் பத்தி இல்ல தாத்தா. கேக்கறவங்களைப் பத்தி" என்றாள்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஊருக்குள் என்னென்ன செய்திகள் பரவின, எது யார் மூலம் வந்தது, யார் நம்பினார்கள், நம்பி என்ன செய்தார்கள் என்பதுதான் அவளுடைய பொருள். அவள் இதைச் சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பகலெல்லாம் அவள் தெருத்தெருவாகப் போய்வந்தாள். நான் அவள் கொண்டுவந்திருந்த புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரு கோப்பு கையில் வந்தால் முதல் தாளிலிருந்து பார்த்தால்தான் மனம் ஆறும். இப்படி ஒரு படிப்பு எங்கிருந்து வந்தது, நம் நாட்டுக்கு எப்போது வந்தது என்று பார்த்தேன். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தாள் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையார் ஒரு தேசியப் பல்கலைக்கழகம் நடத்தினார். அங்கே 1920இல் பத்திரிகைத் தொழிலை ஒரு பாடமாக வைத்தார். இந்தியாவில் பல்கலைக்கழக அளவில் இதற்கு நடந்த முதல் முயற்சி அதுதான் என்று சொல்கிறார்கள். மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி அம்மையார் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகை அலுவலகத்தில். அந்த முயற்சி நீடிக்கவில்லை. பிறகு 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் தொடங்கியது. நாடு விடுதலையடைந்த 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 1950களில் மைசூர், நாகபுரி, உஸ்மானியா என்று பரவியது.

அந்தக் காலத்துப் பாடங்கள் எல்லாமே எழுதுகிறவனுக்கானவை. செய்தி எழுதுவது எப்படி, தலைப்பு வைப்பது எப்படி, பிழை திருத்துவது எப்படி, அவதூறு வழக்கு வராமல் தப்பிப்பது எப்படி என்பவை. நல்ல பாடங்கள்தான். ஆனால் எழுதியதை யார் படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன ஆகிறார்கள் என்று கேட்க அதில் இடமில்லை.

நம் ஊருக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டு. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, பாடசாலை, மாணவர்களுக்கு விடுதி எல்லாம் அதில் கணக்கோடு வெட்டியிருக்கிறது. மேல்படிப்பு என்பது நம் ஆற்றங்கரைக்குப் புதிதல்ல என்று பேத்தியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கேட்டாள்: "சரி தாத்தா, அந்தக் கல்வெட்டை அந்தக் காலத்துல யாரு படிச்சா?" எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்டச் சொன்னவன் பெயர் கல்லிலேயே இருக்கிறது. படித்தவன் பெயர் எங்கேயும் இல்லை. அவளுடைய படிப்பு எதைத் தேடுகிறது என்பது அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

படிக்கிறவனையும் கேட்கிறவனையும் தேடிப் போகும் பழக்கம் மேல்நாட்டில் வானொலி வந்த பிறகுதான் வலுப்பட்டது. வியன்னாவிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர் பால் லாசர்ஸ்ஃபெல்ட். 1940இல் அங்கே ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அவரும் அவருடைய குழுவினரும் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி என்ற ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மே மாதத்திலிருந்து நவம்பர் வரை, 600 பேரைக் கொண்ட ஒரே குழுவைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். யாருக்கு ஓட்டுப் போடப்போகிறீர்கள், மனம் மாறியிருந்தால் எதனால் மாறினீர்கள் என்று கேட்டார்கள். வானொலியும் பத்திரிகையும் ஜனங்களின் மனதை நேராகப் பிடித்துத் திருப்பிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கிடைத்த பதில் வேறு. மனம் மாறியவர்களில் பலர் தெரிந்த மனிதர் சொல்லித்தான் மாறியிருந்தார்கள். உறவுக்காரர், கூட வேலை செய்பவர், பக்கத்து வீட்டில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர். அந்த விவரம் தெரிந்தவர்தான் பத்திரிகை படிக்கிறார், வானொலி கேட்கிறார். அவர் வாயிலிருந்து மற்றவர்களுக்குப் போகிறது. செய்தி இரண்டு படியாக இறங்குகிறது என்றார்கள். 1944இல் இது புத்தகமாக வந்தது.

இதே காலத்தில்தான், 1943இல், வில்பர் ஷ்ராம் என்பவர் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையில் முனைவர் பட்டப் படிப்பையே தொடங்கினார். எழுதக் கற்றுக்கொடுப்பது ஒரு படிப்பு, எழுதியது என்ன செய்கிறது என்று ஆராய்வது இன்னொரு படிப்பு என்ற பிரிவு அப்போது ஏற்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பள்ளியில் எங்களுக்கு வோல்தேர், விக்தோர் யூகோ என்றே நாள் போயிற்று. ஓய்வுக்குப் பிறகு பழைய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை வாசித்தேன். கப்ரியேல் தார்த் 1901இல் எழுதியது. பொதுஜன அபிப்பிராயத்தையும் கூட்டத்தையும் பற்றியது. பத்திரிகை மனிதனுக்குப் பேச்சுக்கான பொருளைத் தருகிறது, அபிப்பிராயம் உருவாவதோ அந்தப் பேச்சில்தான் என்பது அவர் கருத்து. கருவிகளும் கணக்கெடுப்பும் இல்லாத காலத்தில் ஒரு நீதிபதியாக இருந்தவர் யோசித்துச் சொன்னதை, நாற்பது வருடம் கழித்து இவர்கள் வீடு வீடாகப் போய் எண்ணிக் காட்டினார்கள். பேத்தியிடம் சொன்னேன். அவளுக்குப் பெயர் தெரிந்திருந்தது. மூலத்தில் படித்தவன் அவள் வீட்டிலேயே இருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தோஷம். தார்த் பற்றி இரண்டு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்த முதல் அலுவலக வேலை அது.

இனி நம் நாடு. 1956இல் புனே வானொலி நிலையம் யுனெஸ்கோ உதவியோடு ஒரு சோதனை செய்தது. சுற்றுவட்டார மாவட்டங்களில் ஏறக்குறைய 150 கிராமங்களில் விவசாயிகளைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் அரைமணி நேர நிகழ்ச்சி. பத்து வாரத்தில் இருபது நிகழ்ச்சிகள். கேட்டு முடித்ததும் எழுந்து போய்விடக்கூடாது. உட்கார்ந்து பேசவேண்டும், சந்தேகம் இருந்தால் எழுதி நிலையத்துக்கு அனுப்பவேண்டும். அடுத்த நிகழ்ச்சியில் பதில் வரும். இதை மதிப்பிட வந்தவர் பால் நியூராத். அவரும் வியன்னாக்காரர். நாஜிகளின் முகாம்களில் அடைபட்டுக் கிடந்து விடுபட்டு அமெரிக்கா போனவர். அங்கே லாசர்ஸ்ஃபெல்டிடம் படித்தவர். பம்பாய் டாட்டா சமூக அறிவியல் கழகத்தோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தார்.

அவர் செய்த ஒரு காரியம்தான் முக்கியம். பேச்சுக்குழு இருந்த கிராமங்களை மட்டும் பார்க்கவில்லை. ரேடியோ இருந்தும் குழு இல்லாத கிராமங்களையும், ரேடியோவே இல்லாத கிராமங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குழு இருந்த கிராமங்களில் விவசாயிகளுக்கு விஷயம் நன்றாகவே ஏறியிருந்தது. ரேடியோ மட்டும் இருந்த இடத்தில் அவ்வளவாக ஏறவில்லை. பெட்டி வேலை செய்கிறது, சத்தம் வருகிறது, ஆனால் விஷயம் போய்ச் சேரவில்லை. கூடி உட்கார்ந்து பேசிய இடத்தில் மட்டும் சேர்ந்தது.

இதைப் படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். நம் வயதுக்காரர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ நினைவிருக்கும். பஞ்சாயத்து அலுவலகத்தில் பெட்டி, வெளியே ஒலிபெருக்கி. சாயங்காலம் மாநிலச் செய்தி, விவசாய நிகழ்ச்சி. எங்கள் அலுவலகத்தில் அந்த ரேடியோக்களுக்கு ஒரு கோப்பு உண்டு. சில வருடம் அது என் மேஜையில் இருந்தது. மாதாமாதம் அறிக்கை அனுப்புவேன்: மொத்தப் பெட்டிகள் எத்தனை, இயங்குபவை எத்தனை, பழுதானவை எத்தனை, பழுது நீக்க அனுப்பியவை எத்தனை. கூட்டல் தப்பாமல் அனுப்புவேன். கேட்பவர்கள் யார் என்பதற்கு அந்தப் படிவத்தில் பத்தி இல்லை. இல்லையே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதும் இல்லை. பெண்கள் வந்து கேட்க முடிகிறதா, சேரியிலிருந்து அந்த இடத்துக்கு வந்து உட்கார விடுகிறார்களா என்று அந்த அறிக்கையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இத்தனைக்கும் புனேயில் அந்தச் சோதனை நடந்து பல வருடம் ஆகியிருந்தது.

ரேடியோ ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் 1960களில் பரவியது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் சொன்னது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உலகத்தில் வேறு எந்தத் தானியத்துக்காவது இப்படிப் பெயர் வந்திருக்குமா? ஆனால் அங்கேயும் ரேடியோ சொன்னதை முதலில் நட்டுப் பார்த்த ஒருவர் ஊருக்கு ஊர் இருந்திருப்பார். அவர் வயலைப் பார்த்துத்தான் அடுத்தவர் விதை கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நம் பக்கத்து விவசாயியை எனக்குத் தெரியும். கண்ணால் பார்க்காமல் நாற்று விடமாட்டார்.

1963இல் நான் முன்பு சொன்ன வில்பர் ஷ்ராம் தலைமையில் ஒரு குழு ஃபோர்டு அறக்கட்டளை சார்பில் இந்தியா வந்து பார்த்தது. அதன் தொடர்ச்சியாக 1965 ஆகஸ்டில் தில்லியில் இந்திய மக்கள் தொடர்புக் கழகம் தொடங்கியது. திறந்துவைத்தவர் அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த இந்திரா காந்தி. பயிற்சியோடு ஆராய்ச்சிக்கும் ஓர் இடம் வந்தது.

பத்து வருடம் கழித்து வந்தது பெரிய சோதனை. 1975 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஒரு வருடம், அமெரிக்காவின் ஒரு செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டினார்கள். பக்கத்து ஆந்திராவும் கர்நாடகமும் அதில் உண்டு. தமிழ்நாடு இல்லை. அந்த ஆகஸ்ட் பதினைந்தில் சென்னைத் தொலைக்காட்சி தனியாகத் தொடங்கியது, 'வயலும் வாழ்வும்' நம் வீடுகளுக்கு வந்தது. அந்தச் செயற்கைக்கோள் சோதனையில் ராக்கெட் விடும் இஸ்ரோ இன்னொன்றும் செய்தது. சமூக ஆராய்ச்சியாளர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பல மாதம் அங்கேயே தங்கவைத்தது. பெட்டி முன்னால் யார் உட்காருகிறார்கள், முதல் வாரம் வந்த கூட்டம் பிறகு எவ்வளவு குறைந்தது, பெண்கள் ஏன் எழுந்து போனார்கள் என்றெல்லாம் அவர்கள் குறித்துவைத்தார்கள். வானத்தில் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கருவி. அது பயன்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஒருவர் கிராமத்துத் திண்ணையில் உட்காரவேண்டியிருந்தது.

பிறகு படிப்பு வேகமாகப் பரவியது. 1982இல் தில்லி ஜாமியா மில்லியாவில் மக்கள் தொடர்பு ஆராய்ச்சி மையம். 1984இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியில் வரத் தொடங்கின. அவற்றைத் தயாரிக்கப் பல்கலைக்கழகங்களில் மையங்கள் அமைந்தன. நம் பக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அந்த வரிசையில் வந்தவை. 1995 பிப்ரவரியில் அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பலன் மெதுவாக வந்தது. 2004 பிப்ரவரி முதல் தேதி அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4இல் 'அண்ணா எஃப்.எம்.' தொடங்கியது. நாட்டிலேயே முதல் வளாக வானொலி. ஊடக அறிவியல் மாணவர்கள் நிகழ்ச்சி தயாரித்தார்கள். சுற்றியிருந்த எளிய குடியிருப்புகளில் இருப்பவர்களுக்காகத் தயாரித்தார்கள். கிண்டியிலிருந்து சில கிலோமீட்டருக்கு மேல் கேட்காது. ஆனால் கேட்கிறவர் யாரென்று மாணவன் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரமுடியும். எங்கள் கோப்பில் இல்லாத பத்தி அதுதான்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்கள் செய்ததையும் சொல்லவேண்டும். இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் மகன் எஸ். கிருஷ்ணசுவாமி அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே பேராசிரியர் எரிக் பார்னோவோடு சேர்ந்து இந்தியத் திரைப்படத்தின் வரலாற்றை எழுதினார். 1963இல் வந்தது. 1981இல் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாகப் பார்த்து ஒரு நூல் எழுதினார். அதே வருடம் சு. தியடோர் பாஸ்கரனின் ஆங்கில நூல் வந்தது. நாடகமும் பாட்டும் சினிமாவும் விடுதலைப் போராட்டச் செய்தியைத் தென்னிந்தியாவில் எப்படிச் சுமந்து போயின என்பது அதில் இருக்கிறது. அவர் தபால் துறை அதிகாரி. அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே ஒருவர் இப்படி ஒரு வேலை செய்யமுடியும் என்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெருமை, கொஞ்சம் வெட்கமும்கூட.

இனி நான் தள்ளிப்போட்ட விஷயம்.

2021 நவம்பரில் மழை விடாமல் பெய்தது. பாலாற்றில் கரை கொள்ளாத தண்ணீர். எத்தனையோ வருடம் மணலாகவே பார்த்த ஆறு. நாங்கள் பாலத்தருகே நின்று பார்த்துவிட்டு வந்தோம். அன்று ராத்திரி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மேலே ஓர் ஏரிக்கரை உடைந்துவிட்டது, பத்து மணிக்குள் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும் என்று. ஒரே எழுத்துப்பிழை, ஏகப்பட்ட ஆச்சரியக்குறி. அதை அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து ஒழுங்காக எழுதினேன். 'அவசர அறிவிப்பு' என்று தலைப்பு வைத்தேன். தேதியும் நேரமும் போட்டேன். பொதுமக்கள் மேட்டுப் பகுதிக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று முடித்தேன். எங்கள் தெருக் குழுவுக்கு அனுப்பினேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைப்பு.

எந்த ஏரியும் உடையவில்லை. எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வரவும் இல்லை. ஆனால் மூன்று வீடு தள்ளியிருக்கும் பெண் தன் மாமியாரை அழைத்துக்கொண்டு, கொட்டும் மழையில், கரண்ட் இல்லாத இருட்டில், நரசிம்மர் கோயில் மலைப்பக்கம் கிளம்பினாள். அந்த அம்மாளுக்கு எண்பது வயது. படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. மூன்று மாதம் படுக்கை. இன்றைக்கும் கோல் இல்லாமல் நடக்கமாட்டார்.

நான் பார்க்கப் போனேன், பழம் வாங்கிக்கொடுத்தேன். நான் அனுப்பியதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கேட்காததால் அவர்களுக்குத் தோன்றவில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் குழுவிலிருந்தும் அதை அழித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நேரம் கடந்துவிட்டது.

பேத்தி பத்தாம் நாள் அந்த வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் திரும்பிவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நோட்டைத் திறக்கவில்லை.

"தாத்தா, அந்த அறிவிப்பு நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. படம் போட்டு விளக்கினாள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பல கை மாறி வந்தால் அதன் தலையில் இரட்டை அம்புக்குறி விழும். எத்தனை பேருக்கு அனுப்பலாம் என்பதற்கும் 2018இலிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்ததில் அந்த இரட்டை அம்புக்குறி இருந்தது. எனக்கு அதன் பொருள் தெரியாது. நான் புதிதாகத் தட்டச்சு செய்ததும் அது போய்விட்டது. என் பெயரில், என் எழுத்தில், அரசாங்க உத்தரவு போலப் புறப்பட்டது. அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாத மாதிரிப் பூட்டு இருப்பதால், கம்பெனிக்காரனே பார்க்க முடியாது. எந்த யந்திரமும் சொல்லாது. வீட்டுக்கு வந்து கேட்டால்தான் தெரியும். அதற்குத்தான் இந்தப் படிவம் என்றாள்.

ஆசிரியருக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருந்தாள். வாலாஜாபாத்தில் இருக்கும் உறவுக்காரர் ஒருவரிடமிருந்து. அவருக்கு ஏதோ ஒரு குழுவில் வந்தது. அதற்கு மேல் நூல் அறுந்துவிட்டது. முதலில் எழுதினவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்காரர்கள் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்லி நம்பினீர்கள் என்ற கேள்விக்கு, 'சார் போட்டிருந்தாரு' என்று. அந்தப் பதினோரு பேரில் அதற்கு முன்னாலேயே வேறு வழியாக அதே செய்தி வந்தும் நம்பாமல் இருந்தவர்கள் நான்கு பேர்.

ஒஹாயோவில் 1940இல் கண்டுபிடித்த விவரம் தெரிந்த மனிதர் எங்கள் தெருவில் நான்தான்.

மறுநாள் காலை அந்த வீட்டுக்கு நானே போனேன். பேத்தி கூட வரட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். பாட்டியம்மாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மருமகள் வந்து நின்றாள். அன்றைக்கு விசாரிக்காமல் அனுப்பியது நான்தான், பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்கவேண்டும், தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"எங்களுக்கு அப்பவே தெரியும் சார். நாலு பேரு அனுப்பிச்சாங்க, நான் கண்டுக்கல. நீங்க ஆபீசுல இருந்தவரு. தெரியாமப் போடமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

பாட்டியம்மாள் என்னை உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. குடித்தேன்.

நம் சின்ன வயதில் ஊரில் தமுக்கு அடிப்பவர் வருவார். அவர் வாயிலிருந்து வரும் செய்தி யாருடையது என்று அவரே முதலில் சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் தெருவிலேயே நிறுத்திக் கேட்கலாம். அந்த வேலையில் இருந்த இழிவு தெரிந்துதான் 2022இல் தமிழக அரசு தண்டோராவை நிறுத்தச் சொன்னது. நிறுத்தியது சரி. ஆனால் அவருக்கு இருந்த கட்டுப்பாடு செல்போன் வைத்திருக்கும் நமக்கு இல்லை. தெரிந்த செய்தியைத்தான் அவர் சொன்னார். அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

பேத்தியின் படிப்பைப் பற்றி ஆரம்பத்தில் நான் கேட்ட கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். இந்தப் படிப்பு படிக்கும் பிள்ளைகள் பலருக்குக் கேமராவுக்கு முன்னால் நிற்கவேண்டும் என்றுதான் ஆசை என்று அவளே சொல்கிறாள். ஸ்டுடியோ இருக்கும் கல்லூரிக்குத்தான் கூட்டமாம். நிற்கட்டும், அதுவும் வேலைதான். ஆனால் ஒரு பகுதிப் பேராவது தெருவுக்கு வரவேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை இதைப் படிக்கப்போகிறேன் என்றால், டி.வி.யில் எப்போது வருவாய் என்று கேட்காதீர்கள். யார் வீட்டுக்குப் போய் என்ன கேட்டாய் என்று கேளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அவள் எனக்கும் ஒரு படிவம் கொடுத்தாள். எல்லாப் பத்தியையும் நிரப்பினேன். ஒரு பத்தி குறைகிறது என்றேன். செய்தி வந்தது, நம்பினேன், அனுப்பினேன் என்பதோடு நிற்கிறது. அனுப்பும் முன் யாரிடமாவது கேட்டீர்களா என்று ஒரு பத்தி சேர் என்றேன். சேர்த்துவிட்டாள். அதில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போனேன். கையெழுத்து வேண்டாம் தாத்தா, பெயரே வராது என்றாள். ஆய்வேட்டில் நான் 17ஆம் எண்.